பதினாலாவது ரீலில் சாத்திய கதவு

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் மகள் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். பூச்சு போட்ட விரலோடு போனால் தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். சனிக்கிழமை பூசுவதும் ஞாயிற்றுக்கிழமை துடைப்பதுமாக வாரம் ஓடுகிறது. பஞ்சில் பூச்சு அழிக்கிற தண்ணீரை ஊற்றியதும் கூடம் முழுக்க ஒரு வாடை பரவியது. மற்றவர்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். எனக்கு அது சோறு போட்ட வாடை. அறுந்த பிலிமை ஒட்டுகிற சிமென்ட் இப்படித்தான் மணக்கும்.

துடைத்துக்கொண்டே கேட்டாள். "பிள்ளைங்களுக்குக் கட்டுரைப் போட்டிப்பா. சமுதாயப் பிரச்சினைகளைப் புரிஞ்சுக்க சினிமா எப்படி உதவுதுன்னு தலைப்பு. நீங்கதான் சினிமாவுல இருந்தவராச்சே, ரெண்டு பாயின்ட் சொல்லுங்க."

நான் சினிமாவில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வது, கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவன் சாமியோடு இருந்தேன் என்று சொல்கிற மாதிரி. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில், டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு குட்டிச்சுவர். ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றுகிற போதெல்லாம் இடைவேளை விட்டாக வேண்டும். ஜனங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த இடைவேளைகளில்தான் கதையில் யார் பக்கம் நியாயம் என்று சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழக்கு நடக்கும். விளக்கை அணைத்தால்தான் ஓய்வார்கள்.

படப்பெட்டிகள் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் கூரையில் வரும். ஒரு முறை பதினாறு ரீல் படம் ஒன்று வந்தது. பெட்டிக்கு இரண்டு ரீல் என்று எட்டுப் பெட்டிகள். இறக்கி எண்ணினால் ஏழுதான் இருந்தது. கடைசிப் பெட்டியை ஸ்டாண்டில் யாரோ வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் திரும்பியிருக்க வேண்டிய பஸ், மலைப்பாதையில் மரம் விழுந்ததால் மேலேயே நின்றுபோனது. நான்கு நாள் வெள்ளிமலை டீக்கடையில் அந்தப் பெட்டியைப் பலகையாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் கதையின் முடிவு அவர்களுக்கு உட்கார உதவியது.

இந்தப் பக்கம் டிக்கெட் கொடுத்தாகிவிட்டது. முதலாளி ஊரில் இல்லை. பதினாலாவது ரீல் முடிகிற இடத்தைக் கையால் இழுத்துப் பார்த்தேன். கதை இதுதான்: புருஷன் இன்னொருத்தியோடு போய்விடுகிறான். பெண்டாட்டி தையல் கற்றுக்கொண்டு பெண் குழந்தையை வளர்க்கிறாள். வருஷங்கள் கழித்து மழையில் நனைந்தபடி அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அதோடு பதினாலு முடிகிறது. எனக்கு அது போதும் போலத் தோன்றியது. தாழ்ப்பாள் விழுந்ததும், படம் முடிந்தால் காட்டுகிற, 'வணக்கம்' என்று எழுதிய கண்ணாடி ஸ்லைடைப் போட்டுவிட்டேன்.

கல்லடி விழும் என்று புரொஜெக்டர் இருந்த கேபின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். இப்படியே மூன்று நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை.

பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழிப்பவள் அஞ்சலை. கூலி வேலைக்காரக் குடும்பம். பகலில் களை எடுப்பாள், சாயந்திரம் கொட்டகை மணலைக் கூட்டிவிட்டு வாசலில் நிற்பாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் கரும்பு வெட்டுகிற ஆட்களோடு போனவன், போன இடத்திலேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். நாலு வருஷம். அந்த வாரம்தான் இருமலும் மூட்டையுமாகத் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பஞ்சாயத்து. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. போனவன் திரும்பி வந்தால், ஊர் பார்க்கப் பெண்டாட்டி கையால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள். அவன் குடித்துவிட்டால் பழசெல்லாம் தீர்ந்தது. கொடுக்க மாட்டேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அஞ்சலை அந்த மூன்று நாளும் படத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மணலைக் கூட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நான் சொம்பத் தொடப் போறதில்ல. படத்துல அவ கதவச் சாத்துனப்ப ஊரே கை தட்டுச்சில்ல? என்னிய மட்டும் இன்னா சொல்லிடப் போறாங்க?"

படத்தின் முடிவு எனக்குத் தெரியும். அது முன்பே கள்ளக்குறிச்சியில் ஓடிய படம், பார்த்திருந்தேன். பதினைந்தில் குழந்தைக்குக் காய்ச்சல், மாமியார் அழுகை. பதினாறில் அவள் கதவைத் திறந்து அவன் காலில் விழுவாள். ஒரு பாட்டு, சுபம். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு ஒருத்தியின் வாழ்க்கைக்குத் தீர்ப்பெழுதிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டி வந்தது. கூடவே முதலாளியும் வந்தார். இன்று முழுப்படம் ஓட வேண்டும் என்றார். அஞ்சலை சொன்னதும் படத்தின் நிஜ முடிவும் காதில் விழுந்து ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாயந்திர ஆட்டத்துக்கு நாற்காலி சொல்லிவைத்தார்கள். சாதாரண நாளில் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்.

மதியம் அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினேன். நடந்ததைச் சொல்லி, கடைசி இரண்டு ரீலை அவளுக்கு மட்டும் ஓட்டிக் காட்டினேன். கீற்றுச் சந்துகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் மனிதர்கள் வெளுத்துப் போய்த் தெரிந்தார்கள். பாட்டு மட்டும் கணீரென்று கேட்டது. முடிந்ததும் கேபினிலிருந்து இறங்கி வந்து, ரீல் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடவா அக்கா என்று கேட்டேன். சொல்லியிருப்பேன். ஒட்டுவதாகக் காட்டிக்கொள்ள சிமென்ட் புட்டியைக் கையோடு வைத்திருந்தேன்.

அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "கதவத் தொறந்த பிறகு அவ ஒரு வார்த்தை பேசுலியே. அவனேதான் பேசிக்கினு இருக்கறான்." பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். "போடுங்க ஆபரேட்டரே. ஒளிச்சு வச்சா நான் பொய் சொன்னவ ஆயிடுவேன்."

போட்டேன். பதினைந்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதே பெண்கள் பக்கம் சலசலத்தது. பதினாறில் அவள் தாழ்ப்பாளில் கை வைத்ததும் ஒரு குரல், "இது வாணாம், அந்த ஸ்லைடப் போடு." பின்னால் நாலைந்து குரல்கள். பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நாற்காலிப் பெரியவர்கள் கடைசி வரை இருந்து பார்த்தார்கள்.

மறுநாள் மரத்தடிக்கு நானும் போனேன், ஓரமாக நின்றேன். பெரியவர்களில் ஒருவர், சினிமாக்காரியே கடைசியில் கதவைத் திறந்துவிட்டாள், நீ என்ன அவளைவிட ஒசத்தியா என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சொம்பு அவள் காலடியில் இருந்தது. அஞ்சலை அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அவ வூட்டுக்குக் கதவு இருந்துச்சுங்க, தொறந்தா. என் வூட்டுக்குக் கீத்துத் தட்டிதான். நாலு வருசமா அது தொறந்தேதான் கெடந்துச்சு. நாய் வந்துச்சு, மழ வந்துச்சு, இவரு வர்ல."

பெரியவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள், வெற்றிலைப் பையைத் தேடினார்கள். அவன் அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தார்கள். பிறகு என்று ஒன்று வரவே இல்லை. சாயந்திரம் அஞ்சலை வழக்கம்போல டிக்கெட் கிழித்தாள். நான் மூச்சுவிட்டேன்.

படம் அவளுக்குப் புத்தி சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். முழுப்படம் அவளுக்கு விரோதமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை மனசுக்குள் கிடந்த ஒன்றை வெளியே எடுத்துப் பார்க்க ஒரு திரை இருந்தது, கூடப் பார்க்க நூறு பேர் இருந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாயின்ட். மகளிடம் சொன்னேன். கட்டுரைக்கு ஆகாதுப்பா என்றாள்.

கொட்டகையின் லைசென்ஸ் முடிந்து பிரித்தபோது, கேபினுடைய தகரக் கதவை அஞ்சலை கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்தான் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொடுத்தேன். அதில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னாள். அந்நியர் உள்ளே வரக் கூடாது என்று படித்தேன். எழுத்தை உள்பக்கம் திருப்பவா என்று கேட்டதற்கு, "வெளியவே இருக்கட்டும்" என்றாள். மாட்டி முடித்ததும் இரண்டு முறை சாத்திப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது அந்த மணல் இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அஞ்சலையும் இல்லை. அவள் வீட்டை இடித்துத் தளம் போட்டுவிட்டார்கள், தகரக் கதவு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியவில்லை. அந்தப் படம் மட்டும் செல்போனில் முழுசாகக் கிடைக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். தாழ்ப்பாளில் படத்துப் பெண்டாட்டி கை வைத்தபோது, எங்கிருந்தாவது 'இது வாணாம்' என்று ஒரு குரல் வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கதவு திறந்துகொண்டது.