நல்லதுக்கு போன் போடுகிற டீச்சர்

சைக்கிள் கொட்டகையின் கடைசித் தூணருகே நின்றால்தான் டவர் கிடைக்கும். மதிய மணி அடித்த பத்தாவது நிமிடம் கொளஞ்சியம்மாள் டீச்சர் அங்கே வந்து நிற்பார். ஒரு காதில் போன், மறு காதில் விரல். சாம்பார் சாதத்தின் ஈரம் இன்னும் காயாத கை. எதிர்முனையில் ‘அலோ’ என்றதுமே சொல்லிவிடுவார்.

“நல்ல சேதிங்க. பயப்படாதீங்க. நல்ல சேதிதான்.”

அதற்குப் பிறகுதான் தன் பெயர், பள்ளியின் பெயர், பிள்ளையின் பெயர். அன்றைக்கு அந்த போன் அறிவுச்செல்வனின் அப்பாவுக்கு. புதிதாகச் சேர்ந்த பையன் தட்டை வைத்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறான். அறிவுச்செல்வன் அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டிருக்கிறான். அவ்வளவுதான் செய்தி. மறுமுனையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்தேகக் குரல்.

“வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்க. இத சொல்லத்தான்.”

நாளுக்கு இரண்டு வீடு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. ஆறிலிருந்து பத்து வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருமுறை ஒரு பெரியவர், ஓடிபி எல்லாம் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார். ஒரு அம்மா எந்தக் கட்சிக்காரர் என்று கேட்டார். டீச்சர் கோபித்துக்கொள்வதில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதே எண்ணுக்குப் போடுவார்.

வயது ஐம்பத்தொன்று. சமூக அறிவியல். கள்ளக்குறிச்சியிலிருந்து எட்டேகால் டவுன் பஸ்ஸில் வருகிறவர், ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தாலும் நடுவில்தான் உட்காருவார். பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும். சொந்தக்காரர் கல்யாணத்தில் யார் யாருடைய மகன் என்பது அவருக்குக் குழம்பிப்போகும். ஏழாம் வகுப்பில் யார் யாருக்கு அழிரப்பர் கொடுத்தார்கள் என்பது மட்டும் மறக்காது. கைப்பையில் ஒரு நீள நோட்டு. பள்ளியின் அத்தனை பெயர்களும் அதில் வரிசையாக உண்டு. போன் போன வீட்டுக்கு நேரே பச்சை மையில் ஒரு டிக்.

‘நல்ல பையன்’, ‘நல்ல பொண்ணு’ என்ற வார்த்தைகள் அவர் வாயில் வருவதே இல்லை. மற்ற ஆசிரியர்கள் சொன்னாலும் விடமாட்டார். “நல்ல புள்ளன்னு சொல்லாதீங்க சார், இன்னா பண்ணுச்சின்னு சொல்லுங்க” என்று நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். நல்ல பிள்ளை என்று ஒருத்தியைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவள் என்னவாகிறாள் என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்வி அவருக்குச் சும்மா வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு பிள்ளைகளின் நன்னடத்தையை ஊக்குவிப்பது பற்றி இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தலைமையாசிரியை ராஜாம்பாள், கொளஞ்சியம்மாளைத்தான் அனுப்பினார். அவர் திரும்பி வந்ததும் வகுப்புக்கு ஒரு சார்ட் ஒட்டினார்கள். நல்லது செய்தால் தங்க நிற ஸ்டார். ஒரு மாதத்தில் எல்லா வகுப்பிலும் அதே ஐந்து பேருக்கு ஸ்டார் வழிந்தது. மற்றவர்களுக்கு நேரே வெள்ளைக் கட்டம். எட்டாம் வகுப்பு சார்ட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘இது அவங்க சார்ட்டு’ என்று எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலமே பெஞ்சின் மேல் ஏறி எல்லாவற்றையும் டீச்சர் தன் கையாலேயே உரித்து எடுத்தார்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் போன். பிள்ளை செய்த நல்லதை வீட்டுக்குச் சொல்லிவிடுவது. முதல் இரண்டு போன் நன்றாகவே முடிந்தது. மூன்றாவது, எட்டாம் வகுப்பு தனுஷாவின் வீட்டுக்கு.

கை கழுவும் குழாய் வரிசையில் பிள்ளைகள் திறந்தபடியே விட்டுப் போகும் குழாய்களை தினமும் கடைசியாக ஒருத்தி நின்று மூடிவிட்டுப் போவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதுதான் தனுஷா. அவள் அப்பா வேடியப்பன் வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன், தனுஷா விஷயமாக என்று ஆரம்பித்தார். லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டார், போகவில்லை. அதற்குள் வகுப்பு மணி அடித்தது. நல்ல விஷயம்தானே, நாளைக்குச் சொன்னால் ஆயிற்று என்று போனை உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் தனுஷா முழங்கைக்குக் கீழே கைக்குட்டை சுற்றிக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்றாள். கைக்குட்டையை மெல்ல அவிழ்த்துப் பார்த்தபோது கரும்பின் காய்ந்த இலையான சோகையை முறுக்கி அடித்த தடம் மூன்று கோடாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிற அளவுக்கு என்ன பண்ணினாய் என்று கேட்டுக் கேட்டு அப்பா அடித்திருக்கிறார். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லாததற்கும் அடி.

டீச்சர் அன்று பாடம் நடத்தவில்லை. பள்ளி விட்டதும் தனுஷாவோடு அவள் ஊர் பஸ்ஸில் ஏறினார்.

ஓட்டைச் சுவரில் சிமெண்ட் அப்பிய தொகுப்பு வீடு. தனுஷாவின் அம்மா பூமாலை வாசலில் விறகைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார். வேடியப்பன் சட்டையைத் தேடி உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தார். கொளஞ்சியம்மாள் உட்காரவில்லை. நேற்று தான் சொல்ல வந்தது என்ன என்பதைச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்துத் திரும்பினார்.

“தப்பு என்னுது கண்ணு. பாதியில வுட்டுட்டேன். மறுபடி மறுபடி போட்டிருக்கணும்.”

வேடியப்பனுக்கு முகம் இறங்கிவிட்டது. மன்னிப்பு கேட்டுப் பழகாத மனிதர். மூத்தவன் இளமாறன் வேறொரு பள்ளியில் ஒன்பதாவது படித்தபோது வந்த போனைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஓடினாராம். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்களாம். பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், பேசுவதில்லை. சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நல்லதுக்கெல்லாம் யாருங்க போன் போடறாங்க?”

டீச்சர் விடைபெற்றுக் கிளம்பினார். பஸ் நிறுத்தம்வரை தனுஷா கூட வந்தாள். தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள். கோபமில்லை. பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாள்.

“டீச்சர், இனிமே என்னப் பத்தி நல்லது எதுவும் வூட்ல சொல்லாதீங்க.”

சரி என்று வாக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் போனே இல்லை. குழாய்கள் திறந்து கிடந்தன. தனுஷா அந்தப் பக்கமே போவதில்லை. டீச்சர் தானே போய் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வருவார். விளையாட்டு ஆசிரியர் காசிநாதன், நான்தான் அப்பவே சொன்னேனே என்றார். விசிலும் பிரம்பும் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ராஜாம்பாள் மட்டும், அந்த நோட்டு எங்கே என்று ஒருநாள் கேட்டார்.

அந்த ஒரு மாதமும் டீச்சருக்கு வேடியப்பனின் கேள்விதான் மனதில் ஓடியது. அவர் கேட்டதில் தவறு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்து எண் எந்தக் காலத்தில் நல்லதுக்கு அடித்திருக்கிறது? மாதம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து டீச்சர் சொன்னது இன்றும் அங்கே பேசப்படுகிறது.

“ஒரு வூட்டுக்கு மட்டும் போன் வந்தா பயந்துதான் போவாங்க. எல்லா வூட்டுக்கும் வந்தா பழகிடும். ஒரு வூடு பாக்கியில்லாம போடணும். நீங்கல்லாம் பாத்து சொன்னாத்தான் முடியும்.”

அன்றிலிருந்துதான் அந்த முதல் வார்த்தை வந்தது. லைன் எந்த நொடியில் அறுந்தாலும் நல்ல சேதி என்பதாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெயர்கூடப் பிறகுதான்.

முந்நூறு வீடு என்பது லேசான காரியம் இல்லை. சில பிள்ளைகளிடம் நல்லதைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஜெயசுதாவை இருபது நாள் பார்த்தார். கடைசியில், காய்ச்சலில் கிடந்த தோழிக்காக ஒவ்வொரு பாடத்தையும் இரண்டாவது முறையாகவும் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு டவர் எட்டாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலை பஸ் ஏறிப் போய் வாயாலேயே சொல்லிவிட்டு வருவார். சாமைக் கொல்லையில் நின்றபடியே ஒரு தாய் கேட்டுவிட்டு, ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி வந்தார்.

பள்ளி மாறிவிட்டது என்று அவர் சொல்லமாட்டார். ஜன்னல் இன்னும் உடைகிறது. சண்டையும் நடக்கிறது. ஆனால் ஒருநாள் மதியம் காசிநாதன் தூணருகே வந்து நின்றார். பத்தாம் வகுப்பு அஜித், தோற்ற டீமுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான் என்றார். டீச்சர் முகத்தைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார். “நோட் பண்ணிக்கங்க” என்று போய்விட்டார். அந்த வாரமே அவர் இன்னும் நான்கு பெயர் கொண்டுவந்தார்.

இந்த மாசி மாதத்தில் நோட்டில் முந்நூற்றுப் பதினோரு டிக் விழுந்துவிட்டது. ஒரு பெயருக்கு நேரே மட்டும் இடம் காலியாக இருந்தது. ராஜாம்பாள் விரலை வைத்து இது யார் என்று கேட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார் டீச்சர். ஒன்பதாவதுக்கு வந்துவிட்ட தனுஷாவைப் பற்றிச் சொல்வதற்கு அவரிடம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஒரு வரிகூட வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி கேட்டுக்கு வெளியே வேடியப்பன் நின்றார். துவைத்த சட்டை. கைவிரல்களில் சோகை அறுத்த கோடுகள். டீச்சர் ஓடிப் போனார், ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தில். வேடியப்பன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க தெருவுல எல்லா வூட்டுக்கும் போன் வந்துடுச்சுங்க. அய்யப்பன் வூட்டுக்கு ரெண்டு தபா வந்துச்சாம். எனக்கு மட்டும் வரல. எங்க பொண்ணு ஒண்ணுமே நல்லது பண்ணலீங்களா?”

டீச்சர் எதையும் மறைக்கவில்லை. உங்கள் பெண்தான் சொல்ல வேண்டாம் என்றாள், அதனால்தான் சொல்லவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அந்த மனிதர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, அவள் சொன்னது சரிதான் என்றார்.

தனுஷாவை வரச்சொன்னார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவள் வராந்தா படியிலேயே நின்றுவிட்டாள். டீச்சர் அவளருகே போய், அப்பா கேட்கிறார், சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டார். பெண் உடனே தலையாட்டவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “அவரு இன்னா சொல்றாருன்னு பாக்கறேன் டீச்சர்” என்றாள்.

கேட்டருகே திரும்பி வந்து டீச்சர் அதை அப்படியே சொன்னார். வேடியப்பன் தவித்துப்போனார். வீட்டில் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். வேலை முடிந்து வருகிறபோது கை எரியும் என்று மகள் ஒரு சொம்பில் வெந்நீரும் உப்பும் தினமும் வாசலில் எடுத்து வைத்திருக்கிறாளாம். வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாளாம். ஒரு வருடமாக அந்தத் தண்ணீரில் கை நனைக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எப்படி சொல்றதுன்னு தெரியலீங்க. எங்க அப்பா எனக்கு சொன்னதில்ல.”

“பாத்தத அப்படியே சொல்லுங்க. நல்ல பொண்ணுன்னெல்லாம் வேணாம்.”

அவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். படியிலிருந்து மகள் ஒரு படி இறங்கினாள். ஆறாம் வகுப்பு ஜன்னலில் நாலைந்து தலைகள் முளைத்தன. டீச்சர் கையை அசைத்து அவற்றை உள்ளே அனுப்பினார்.

பள்ளியில் எந்த மூலையில் எந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர் கொளஞ்சியம்மாள் டீச்சர். வேடியப்பன் “தனுஷா” என்று வாயெடுத்தபோது, அவர் இருவருக்கும் முதுகைக் காட்டி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.