கால் முன்னால் வந்த மனிதர்

என் வீட்டுச் சாய்வு நாற்காலியில் கட்டியிருப்பது கடைத் துணி அல்ல, தோணிப் பாய். வெயிலும் உப்பும் குடித்துப் பழுப்பேறிய முரட்டுத் துணி. ஓரத்தில் பித்தளை வளையங்கள், அவற்றில் கோத்த வலைக்கயிறு. வருகிறவர்கள் எல்லாம், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டக் கூடாதா?" என்று கேட்பார்கள். கஞ்சத்தனம் என்று சொல்லிச் சமாளிப்பேன். என்னைத் தெரிந்தவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள். இந்தத் துணியில் படுத்துக்கொண்டே ஒரு மனிதர் தினமும் ஆறு மைல் வேலைக்குப் போனார் என்றால்தான் யாரும் நம்புவதில்லை.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் ஓடத் தொடங்கிய சமயம். தோணிகளில் சரக்குத் தூக்கும் விஞ்சுகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் நான் டைம் கீப்பர். மற்றவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்களா என்று பார்ப்பதே என் வேலை; என் சோம்பலுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் இல்லை. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் புன்னைக்காயல்காரர். எல்லாருக்கும் ஃபோர்மேன் அண்ணாச்சி. விஞ்சு சுற்றும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் தோணியின் அடித்தட்டில் மல்லாக்க விழுந்தார். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவரால் நிற்க முடிந்தது, படுக்க முடிந்தது, உட்கார மட்டும் முடியவில்லை. உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். பட்டறையில் நின்றுகொண்டுதான் வேலை, அதில் குறையில்லை. ஆனால் அதே மாதம் பட்டறை ஆறு மைல் தள்ளிப் புதுத் துறைமுகத்துக்கு இடம் மாறியது. சைக்கிளில் உட்கார முடியாது, பஸ் குலுக்கலில் நிற்கவும் முடியாது. மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது: மாதத்தில் மூன்று நாள் ஏழு மணிச் சங்குக்குப் பிந்தினால், உடல் தகுதி இல்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நான்கு பிள்ளைகள், சம்பாத்தியம் அவர் ஒருவருடையது. பிந்துகிறவர்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டியவன் நான்.

புது இடத்தில் வேலை தொடங்கிய அன்று காலை, உப்பளச் சாலையின் வளைவில் இருந்த டீக்கடையில் நின்றிருந்தேன். ஊர்ப் பக்கமிருந்து இரண்டு கால்கள் வந்தன. கால்கள் மட்டும்தான். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், பாதம் முன்னால், தலை எங்கேயோ பின்னால். எங்கள் பக்கத்தில் அப்படிப் போகிறவர்கள் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போவார்கள். டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் கடைப் பலகையைப் பாதி இழுத்துச் சாத்தினார். உப்பளத்து ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பெண்கள் உப்புப் பெட்டியை இறக்கி வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற குடும்பம். பயத்தில் என் கையும் சிலுவை போட்டது, அதுவும் தப்பாக. தூக்குகிறவர்கள் யாரையும் காணோமே என்று தோன்றாமல், "யாரு வீட்டுச் சாவு?" என்று வேறு கேட்டுவைத்தேன்.

"ஒங்க வீட்டுச் சாவுதாம்ல! வழிய விடு, நேரமாவுது!" என்றது பிணம்.

ஃபோர்மேன் அண்ணாச்சி! பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்து அவரே பற்றவைத்த சைக்கிள் சட்டம். முன்னால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரம், அதற்கும் முன்னால் பெடல். இரண்டு சங்கிலிகளை ஒன்றாகக் கோத்த நீளச் சங்கிலி. இடுப்புக்குக் கீழே கைப்பிடி. நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிய தோணிப் பாயில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி அவர் படுத்திருந்தார். "ஏ மாதாவே, உசுரோட இருக்காரு!" என்று ஒருத்தி கத்த, கூட்டம் சூழ்ந்துகொண்டது. தொட்டுப் பார்க்காதவர் பாக்கியில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி நாலு நிமிடம் ஆகியிருந்தது. நானும் பிந்தியவன்தான், ஆனால் என்னை வேலைக்குச் சேர்த்த மேனேஜர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணாச்சி பெயரை நான் சிவப்பில் எழுதினேன். "ஒழுங்கா எழுதுல, மை தெறிக்குது" என்றார் அவர்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. அன்று சாயங்காலமே டீக்கடையில் அளந்துவிட்டேன்: "நாளைக்கு ஆறரை மணிக்கு வாங்க, பள்ளிகொண்ட பெருமாள் சக்கரத்துல புறப்படுதாரு!" மறுநாள் திருவிழாக் கூட்டம். பஸ் டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்த, பயணிகள் இறங்கி ஓடி வந்தார்கள். "மோட்டாரு எங்கன இருக்கு?" என்று ஒருவர் குனிந்து தேடினார். "படுத்துக்கிட்டே வேலைக்குப் போறாரே, கவர்மெண்டு உத்தியோகம் போல" என்றார் இன்னொருவர். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பதினோரு நிமிடம் பிந்தியது. இரண்டாவது சிவப்பு.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. வேலை முடிந்து கை கழுவும்போது, "ஒரு செவப்புதாம்ல பாக்கி. மாசம் முடிய இன்னும் எத்தன நாள் கெடக்கு" என்றார். அவ்வளவுதான். சிரிக்க வைத்த வாய்க்குள் மண் போட்டது போல இருந்தது எனக்கு. நேரே டீக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: முதுகு, தாள், மூன்று சிவப்பு, நான்கு பிள்ளைகள். கடை குலுங்கச் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜம் சொன்னேன். நான் சொன்ன வேடிக்கைகளிலேயே அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். "ஏ, சும்மா இருங்க. அவன் மூஞ்சியப் பாருங்க, இது வெளயாட்டு இல்ல" என்றார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி பின்னாலேயே என் சைக்கிளில் போனேன். கடலிலிருந்து கொண்டல் காற்று நேராக முகத்தில் அறைந்தது. நான் எழுந்து நின்று மிதித்தும் வண்டி நகர மறுத்தது. அவரோ காற்றுக்கு அடியில் புகுந்து, வாளைமீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனார். அந்தத் தகரக் குப்பையை இரண்டு நாளாகக் கிண்டல் செய்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது, அதைச் செய்தவரின் மூளை எப்பேர்ப்பட்டது என்று.

வளைவு திரும்பினோம். சாலையின் இரண்டு ஓரத்திலும் ஜனம். ஒருவரும் ரோட்டில் கால் வைக்கவில்லை. மாதா தேர் வரும்போது நிற்பார்களே, அப்படி நின்றார்கள். டீக்கடைப் பலகை முழுசாகத் திறந்திருந்தது. பஸ் ஓரமாக ஒதுங்கி, இன்ஜின் அணைத்துக் கிடந்தது. டிரைவர் கையை வெளியே நீட்டிப் பின்னால் வந்த வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "மிதிங்க அண்ணாச்சி!" என்றது அந்த அக்காவின் குரல். அண்ணாச்சி இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து எடுத்தார். நெஞ்சின் மேல் கூப்பினார். வண்டி இம்மியும் கோணவில்லை. கால் முன்னால், கை கூப்பி, கண்ணை வானத்தில் வைத்து வந்த அந்த உருவம் சவத்தைப் போலவே இருந்தது. ஆனால் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன.

நான் வாயைப் பிளந்து நின்றதில் அவர் போய்விட்டார். காற்றோடு மல்லுக்கட்டி நான் வாசலுக்கு வரும் முன்பே சங்கு ஊதிவிட்டது. என் மேசையருகே அவர் நின்றிருந்தார், கையில் என் சிவப்புப் பேனா.

"ஏலே, இன்னைக்குச் செவப்புல யாரு பேர எழுத?"

என் பெயரை நானே எழுதினேன். அந்த மாதம் வேறு சிவப்பு விழவில்லை. ஓய்வு பெறும் வரை அவர் அந்தச் சாலையில் படுத்துக்கொண்டே போனார்; ஜனங்கள் ஓரமாக நின்றே வழிவிட்டார்கள்.

அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகள் இந்தப் பாயை என்னிடம் கொடுத்தாள். இப்போது என் முதுகும் கெட்டுவிட்டது. வீரமாக எங்கும் விழவில்லை, வயசுதான். அதனால் பெரும்பாலும் இதில்தான் கிடக்கிறேன். வாசலில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது என் பாதங்கள். போன வாரம் தபால்காரர் கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றக் கை போனது. இரண்டு கால்களையும் தூக்கி, காற்றில் ஒரு சுற்று மிதித்துக் காட்டினேன்.