முன்னறையில் ஒரு சினை நண்டு

லிங்கநகரில் கோணேஸ்வரி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குப்பை வாளியைக்கூடக் கிளறிப் பார்க்காமல் விடமாட்டாள். பொல்லாத மனுஷி என்று அயலில் கதைப்பார்கள், கதைக்கட்டும். அவள் சும்மா அப்படி ஆகவில்லை. யுத்த காலத்தில், பற்றரி வைத்திருந்தாலே குற்றமாக இருந்த காலத்தில், அவள் வீட்டு முன்னறையில் இருந்த ஒரு பெடியன் கட்டிலுக்கடியில் ஒரு பற்றரியையும் கொஞ்ச வயரையும் விட்டுவிட்டுப் போனான். ரேடியோவுக்கு வைத்திருந்தானோ எதற்கு வைத்திருந்தானோ, சோதனைக்கு வந்தவர்கள் விசாரிக்கவில்லை. அவளுடைய அண்ணன் சிவரூபனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான்.

இந்த வருடம் அந்த அறைக்கு வந்தவள் கீர்த்தனி, கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மரியாதையான பிள்ளை. அதுவே கோணேஸ்வரிக்குச் சரியாகப் படவில்லை. வந்த கையோடு சல்லிக் கடற்கரைக்குப் போய், வயிறு நிறைய முட்டை அப்பியிருந்த சினை நண்டொன்றை வாளியில் கொண்டுவந்தாள். கறிக்கா என்று கேட்டதற்கு இல்லையாம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்க்கப்போகிறாளாம். முதலில் தலைப்பக்கம் மூளை அரும்புமாம், பிறகு நரம்பு வயிற்றுப்பக்கமாகக் கீழே இறங்குமாம். ஒரே தாயின் முட்டைகளைப் பொரிக்கும்வரை விடாமல் பார்க்கவேண்டுமாம், நடுவில் செத்தால் முழு வேலையும் வீணாம். நண்டுக்கு நரம்பாம்! யாருக்குக் காது குத்துகிறாள் இவள்?

கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. கரண்ட் போன நேரத்திலும் அது நிற்கவில்லை. கோணேஸ்வரி கதவில் காதை வைத்துக் கேட்டபடி நின்றாள்.

கீர்த்தனி ஒரு கூட்டத்துக்காக மட்டக்களப்புக்குப் போன அன்று, கோணேஸ்வரி தன்னிடமிருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்தாள். மேசையில் கண்ணாடித் தொட்டி. அதற்குப் பின்னால் ஒரு பற்றரி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர். தொட்டிக்குள் இறங்கிய மெல்லிய குழாயை அவள் பார்க்கவேயில்லை. வயர்களைப் பிடுங்கினாள். பற்றரியைச் சாக்கில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் புதைத்தாள். திரும்பி வந்து கதவைப் பூட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் கீர்த்தனி வந்து திறந்தபோது நண்டு மல்லாந்து கிடந்தது. முட்டைகள் நாறத் தொடங்கியிருந்தன. பிள்ளை கத்தவில்லை, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். குஞ்சுகளுக்குக் கண் கறுத்து, தொட்டால் துடிக்கிற அளவுக்கு நரம்பு வந்திருந்ததாம். அவள் அழுததைப் பார்த்து நிற்கமுடியாமல் கோணேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனையும் சொன்னாள்.

"அது நண்டுக்குக் காத்துக் குடுக்கிற மோட்டர், அன்ரி. கரண்ட் போனா நிக்கக்கூடாது எண்டு பற்றரி போட்டனான்," என்றாள் கீர்த்தனி.

பிறகு எழும்பிப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். கோணேஸ்வரிக்கு வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன. போகவேண்டாம் என்றாள், தானே சல்லிக்குப் போய் வேறு நண்டு வாங்கித் தருவதாகவும் சொன்னாள். கீர்த்தனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாட கதை எனக்கு விளங்குது, அன்ரி. ஆனா இனிக் கதவைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டா, உள்ள என்ன நடக்குதோ எண்டுதான் நான் யோசிச்சுக்கொண்டிருப்பன். அப்பிடி யோசிச்சுக்கொண்டு ஒரு வீட்டில இருக்க ஏலாது."

அப்படி யோசித்துக்கொண்டேதான் கோணேஸ்வரி இத்தனை வருடமும் அந்த வீட்டில் இருக்கிறாள்.