கூட்டாத வீடு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு தடவை, பட்டப்பகலில், ஒரு மூன்றாம் மாடி வீட்டு அலுமாரிக்குள் குந்தியிருந்தபடி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு அலுமாரிக்குள் ஒளிக்க வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் அப்போது இருந்தோம். இரண்டாயிரங்களின் முதல் சில ஆண்டுகள். எனக்குப் பத்து வயது. இரண்டாம் மாடியில் நாங்கள். எங்களுக்கு நேர் மேலே மட்டக்களப்பிலிருந்து வந்த சுகந்தி, நேர் கீழே சேர்பியாவிலிருந்து வந்த மிலிட்சா. பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளையெல்லாம் அள்ளிப் போட்டிருந்த வரவேற்பு வகுப்பில் மூவரும் ஒரே வாங்கில் இருந்தோம். அரைகுறைப் பிரெஞ்சில் சண்டை பிடித்தே சிநேகிதமானோம். குண்டு விழுந்தால் எங்கே ஒளிப்பது நல்லது என்பதுதான் எங்கள் நிரந்தரச் சண்டை. மிலிட்சா நிலவறைக் கட்சி. நானும் சுகந்தியும் பங்கர் கட்சி. சுகந்தி "இல்லகா, ஓம்கா" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் வைத்துக் கதைப்பாள். நான் அதை நெளித்துப் பேசிக் காட்டுவேன். பதிலுக்கு அவள், 'பிறகு' என்பதற்கு நான் சொல்லும் "பேந்து"வைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க என்னை நோகடிப்பாள்.

அந்த நகரத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஜூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். அதற்கு முந்தின நாட்களில் தெருவோரமெல்லாம் சோபாவும் மெத்தையும் எறிந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் மூவரும் அவற்றின்மேல் ஏறித் துள்ளுவோம், மூலைக்கடையில் ஒரே ஐஸ்பழத்தை வாங்கி மாறிமாறிச் சூப்புவோம். பின்பக்க மரப்படிகளில் ஏறி மூன்று வீட்டுக் குசினிக்கும் போய்வருவோம். எந்த வீட்டில் என்ன பொரிகிறதோ அந்த வீட்டில் இருப்போம்.

ஜூன் கடைசியில் ஒருநாள் சுகந்தி கீழே இறங்கி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. மேலே ஏறினோம். அவர்கள் வீட்டுப் பின்கதவின் கொளுக்கி ஒழுங்காகப் பிடிக்காது. தோளால் ஒரு இடி இடித்தால் திறந்துவிடும். இடித்தோம்.

சோறு வேகும் மெசினில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பாதி குடித்த தேத்தண்ணி. சாமிப் படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்தது. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் வறுத்த சிவப்பரிசி மா ஒரு பை கிழிந்து நிலமெல்லாம் கொட்டியிருந்தது. கதவடியில் குளிர்காலச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. ஆட்களை மட்டும் காணவில்லை. நான் "சுகந்தி!" என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மிலிட்சா மெசினின் மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். "சூடாக இருக்கிறது," என்றாள் பிரெஞ்சில். "போய்விட்டார்கள். ஊரில் சண்டை வந்தபோது என் அத்தை வீட்டிலும் இப்படித்தான். கோப்பிகூட மேசையில் இருந்தது." சொல்லிவிட்டு, பெரிய மனுசிபோல மெசினை அணைத்தாள்.

நான் கீழே ஓடிப்போய் அம்மாவிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பவேயில்லை.

"பயணம் போயிருப்பினம்."

"எங்கையம்மா?"

"எனக்கென்ன தெரியும்? நீ மேல ஏறக் கூடாது. ஒருத்தரிட்டையும் கதைக்கவும் கூடாது. விளங்குதோ?"

எதிர்வீட்டில் புதுத் திரைச்சீலை போட்டாலே ஐம்பது கேள்வி கேட்கிற என் அம்மா, அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வகுப்பில் நான் கெட்டிக்காரி என்று பெயர். கெட்டிக்காரிக்கு இது உறைக்கவில்லை. எனக்குச் சுகந்திமேல் பொல்லாத கோபம். சொல்லாமல் போய்விட்டாளே!

ஆனால் பயணம் என்ற சொல் கேட்டதும் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆள் பயணம் வெளிக்கிட்டால், போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "சவம் எடுத்த வீட்டைத்தான் உடன கூட்டிறது," என்பார். அப்பா ஒருமுறை ரொறன்ரோவுக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போய், சேர்ந்ததைச் சொல்ல மறந்துபோனார். அடுத்த நாள் பின்னேரம்வரை நாங்கள் இடியப்பத் துணுக்குகளுக்குமேல் நடந்து திரிந்தோம். அப்பா திரும்பி வந்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனியாக எழுதலாம்.

ஆகவே கணக்குத் தெளிவாக இருந்தது. சுகந்தி வீட்டை யாராவது கூட்டிவிட்டால் சுகந்தி வரமாட்டாள். செத்தும் போவாள். இதை மிலிட்சாவுக்கு விளங்கப்படுத்தினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையாட்டினாள். அவர்கள் ஊரில் பயணம் போகிறவரின் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்களாம். தண்ணீர் ஓடுவதுபோல வழி இலேசாக இருக்குமாம். உடனே ஒரு சட்டி தண்ணீரைக் கொண்டுபோய் முன்பக்கப் படிகளில் ஊற்றினாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசக் கிழவர் அதில் சறுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பி, தன் பாஷையில் எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார். எங்களுக்குத் திருப்தி. இரண்டு நாட்டு முறைப்படியும் பாதுகாப்புப் போட்டாகிவிட்டது.

அடுத்த நாளும் அம்மாவுக்குத் தெரியாமல் பின்படியால் ஏறினோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு விளக்கு ஒரு நாள் முழுக்க எரியாது என்று எனக்குத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் நிரம்பியிருந்தது. திரி புதிது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மிலிட்சா என் சட்டையைப் பிடித்தாள். வந்ததைவிட வேகமாக இறங்கினோம்.

அதற்கடுத்த நாள் நிலத்து மாவில் ஒரு காலடி இருந்தது. வெறுங்கால், ஒன்றே ஒன்று, மாவின் ஓரத்தில்.

"பேய்க்குக் கால் இல்லை," என்றேன் நான், தைரியமாகத்தான்.

"எங்கள் ஊர்ப் பேய்க்கு உண்டு," என்றாள் மிலிட்சா.

இதை வைத்து ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினோம். எங்கள் ஊர்ப் பேய்தான் இங்கே வந்திருக்கும், தமிழ் வீடுதானே என்று நான். விமானம் ஏறி வந்த பேய்க்குக் கால் முளைத்திருக்கலாம் என்று அவள். சிரித்துக்கொண்டுதான் கதைத்தோம். ஆனால் ஒரு விஷயம் அந்தச் சிரிப்பை நிறுத்தியது. வந்தது எதுவோ, அது கோப்பை கழுவியிருக்கிறது, விளக்கேற்றியிருக்கிறது, குசினித் திரைச்சீலையை இழுத்து மூடியிருக்கிறது. கொட்டின மாவை மட்டும் தொடவில்லை. அதற்கும் எங்கள் சட்டம் தெரிந்திருக்கிறது.

பயந்தவர்கள் நின்றிருக்க வேண்டும். நாங்கள் நிற்கவில்லை. மாவை யாரும் கூட்டவில்லை என்று தினமும் பார்த்தாக வேண்டுமே! அப்படி ஒருநாள் அன்ரியின் அறைக்குள் நின்றபோது முன்கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது. சுகந்தியின் அம்மாவைத்தான் நான் அன்ரி என்பேன். இருவரும் அலுமாரிக்குள் பாய்ந்தோம். குளிர்காலக் கோட்டுகளுக்குள் கற்பூரமும் நல்லெண்ணெயும் கலந்த அன்ரியின் மணம். கதவு பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு காலடி கேட்கவேயில்லை.

அலுமாரிக் கதவின் நீக்கலால் யன்னல் தெரிந்தது. அதன் முன்னால் அன்ரி வந்து நின்றார்.

அன்ரிக்குக் கோடையிலும் குளிரும். அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைக் கழற்றவே மாட்டார். தலையில் ஒரு சால்வை போட்டுக்கொண்டு, வேலையால் வரும் சுகந்தியின் அப்பாவைப் பார்த்து ஒவ்வொரு பின்னேரமும் அதே யன்னலில் நிற்பார். தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போதும் அதே சட்டை, அதே சால்வை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சந்தோசத்தில் "அன்ரி" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் சட்டையின் விளிம்பைப் பார்த்தேன். அன்ரிக்கு அது முழங்காலுக்குக் கீழே வரும். இதற்கு முழங்காலுக்கு மேலே நின்றது. அன்ரி வளர்ந்திருந்தார்.

திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மிலிட்சாவின் நகம் என் கையில் ஏறிவிட்டது. அது தெருவைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. தோள் மட்டும் நடுங்கியது. பிறகு விளக்கைப் போட்டது, ரிவியைச் சத்தமாகப் போட்டது, கொஞ்ச நேரத்தில் நிறுத்தியது. கதவு மறுபடி பூட்டும் சத்தம் கேட்டபிறகும் நாங்கள் வெளியே வரவில்லை. வந்தபோது பச்சைச் சட்டை கதவுக்குப் பின்னால் கொளுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிலிட்சா தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

அன்றிரவு எனக்குக் காய்ச்சல் அடித்தது. அம்மா நெற்றியில் திருநீறு பூசினார். கனவில் ஏதாவது கண்டனியோ என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மேலே ஏறியது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

ஜூன் முப்பதாம் தேதி காலை, போர்த்துக்கீசக் கிழவர் பெரிய குப்பைப் பைகளோடும் ஒரு தும்புத்தடியோடும் மாடி ஏறுவதை மிலிட்சா கண்டு என்னைக் கூப்பிட்டாள். மறுநாள் அந்த வீட்டுக்குப் புது ஆட்கள் வருகிறார்களாம், துப்புரவாக்க வேண்டுமாம். நாங்கள் அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவை மறித்தோம். நான் இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன். மிலிட்சா தும்புத்தடியின் மறுமுனையில் தொங்கினாள். கிழவர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு இழுத்தார்.

"கூட்டினால் அவர்கள் செத்துப்போவார்கள்! சுகந்தி வரமாட்டாள்!" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் மாறிமாறிக் கத்தினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யார் செத்தது என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். கிழவர் ரெலிபோனை வெளியே எடுத்து, பொலிசைக் கூப்பிடப் போகிறேன் என்றார்.

அம்மா படி ஏறி வந்தார். கையெல்லாம் கறித்தூள். அம்மா வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தானே! அவர் என்னைப் பார்த்தார், திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார், கிழவரின் கையிலிருந்த ரெலிபோனைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் "பார்தோன், மிஸ்யூ," என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு மிலிட்சாவின் கையிலிருந்து தும்புத்தடியை வாங்கினார். உள்ளே போனார். கூட்டத் தொடங்கினார்.

"அம்மா, கூட்டாதேங்கோ! அம்மா!"

"கூட்டலாம், பிள்ளை."

"செய்தி வரேல்லையே!"

"வந்தது. விடிய ரெலிபோன் எடுத்தவை. சுகமாப் போய்ச் சேர்ந்திட்டினமாம். நீ கத்தாதை."

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. மிலிட்சாவுக்கு மொழிபெயர்த்தேன். இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு படியில் நின்று துள்ளினோம். கிழவர் நெற்றியில் அடித்துக்கொண்டு ரெலிபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். திறந்த கதவுகள் மூடிக்கொண்டன. அம்மா சாமி மூலையிலிருந்து வாசல்வரை, தலையை நிமிர்த்தாமல், சிவப்பு மாவையெல்லாம் ஒரு குவியலாகத் தள்ளிக்கொண்டு வந்தார். சுகந்தி எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டேன். தூசி கண்ணுக்குள் போய்விட்டது, தள்ளி நில் என்றார்.

மிச்சத்தை அம்மா சொன்னது நான் கலியாணம் கட்டிய பிறகு. கீரை ஆய்ந்துகொண்டு, யாருடையதோ கதைபோலச் சொன்னார். ஊரில் சமாதானம் வந்துவிட்டது, இனித் திரும்பிப் போகலாம் என்று குடிவரவுக்காரர் சுகந்தி குடும்பத்தின் அகதி வழக்கைத் தள்ளுபடி செய்து, அந்த மாதக் கடைசியில் விமானம் ஏற நாளும் குறித்திருந்தார்களாம். அந்த நாளுக்கு முன்னால், காசு கொடுத்து ஒரு ஆளைப் பிடித்து, களவாக அமெரிக்க எல்லை தாண்டப் போனார்கள். அந்த நாள் வரும்வரை வீட்டில் ஆள் இருப்பதுபோலக் காட்ட வேண்டும் என்று அன்ரி என் அம்மாவின் கையில் திறப்பைக் கொடுத்தார். அதனால்தான் விளக்கு, ரிவி, பச்சைச் சட்டை. சத்தம் கேட்கக் கூடாதென்று அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் மாடி ஏறுவாராம். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. எங்கள் வழக்கு அந்த ஆகஸ்டில்தான் விசாரணைக்கு வர இருந்தது. படியில் நின்று நான் கத்திய கத்தலுக்குப் பொலிஸ் வந்திருந்தால் அன்றைக்கே அவர்களைத் தேடத் தொடங்கியிருப்பார்கள், எங்கள் வழக்கும் போயிருக்கும்.

"அப்ப அண்டைக்கு ரெலிபோனில என்ன சொன்னவை? எங்கையிருந்து எடுத்தவை?" என்று கேட்டேன்.

அம்மா கீரைத் தண்டை முறித்துக்கொண்டிருந்தார். "என்ன ரெலிபோன்?" என்றார்.

அந்தக் காலத்தில் எனக்கு அறை கிடையாது. கூடத்துச் சோபாவில்தான் படுப்பேன். வீட்டு ரெலிபோன் என் தலைமாட்டில் இருந்தது. அன்று விடிய அது அடிக்கவில்லை. அடித்திருந்தால் முதலில் எழும்பியிருப்பவள் நான்தான். பத்து வயதில் எனக்கு அது தோன்றவேயில்லை. அதற்குப் பிறகும் அவர்களிடமிருந்து ஒருநாளும் அடிக்கவில்லை.