ஓரகத்தியின் பட்டன்கள்

எந்தப் பட்டனைத் தட்டினாலும் என் ஓரகத்தி உடனே நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொள்வாள். ஆறு வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் மாமனாரின் போட்டோ ஸ்டூடியோவில் அவளுக்கொன்று, எனக்கொன்று என இரண்டு கம்ப்யூட்டர்கள். அவளுடையதில் ஃபைல்கள் தெரியும் திரையின் மேல்வரிசையில், அவளே செய்துவைத்த பட்டன்கள் பதினான்கு. ஒன்றைத் தட்டினால் முந்நூறு படங்களும் பெயர் மாறி, அந்தந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். நான் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவேன்.

“பெரியவளே, இன்னுமா முடியல? சின்னவ எப்பவோ முடிச்சிட்டா,” என்பார் மாமா. எனக்கு வயிறு எரியும்.

“சொல்லித் தரட்டுமாக்கா?” என்று அவள் கேட்டாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், அவள் பட்டனுக்குள் இருந்த கட்டளை வரியை எழுத்துக்கு எழுத்து பார்த்து, என் கம்ப்யூட்டரிலும் ஒரு பட்டன் வைத்து அதற்குள் அடித்தேன். எட்டாவதோடு நின்றவள் நான்; இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. தட்டியதும் முந்நூறு படங்களும் ஒழுங்காகிவிட்டன. சந்தோஷத்தில் மாமாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். வேலை செய்தவர் பெயரைப் படத்தோடு சேர்க்கும் பகுதியையும் அப்படியே அடித்திருக்கிறேன். முந்நூறிலும் அவள் பெயர்.

“உனக்கும் ஒரு பட்டன் செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கா பாரு, என்ன மனசு!” என்றார் மாமா, திரையில் அவள் பெயரைப் பார்த்து.

இப்போது அந்த வரியில் அவள் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்து வைத்திருக்கிறேன். மாமா மட்டும் இன்னும் அதைச் சின்னவள் கொடுத்த பட்டன் என்றுதான் சொல்கிறார்.