வாலில் ஓர் உபயத் தகடு

காலை எட்டு நாற்பது. லோரியின் பின்கதவை இறக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பித்தளை. அக்கா செய்த மாதிரி விமானம் முழுவதும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலின் கடைசியில், நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்பின் இடப்பக்கத்தில், பள்ளிக்கூட ஸ்லேட்டில் பாதி அளவுக்கு ஒரு தகடு வெயிலை வாங்கி எங்கள் முகத்தில் அடித்தது. நான்கு மூலையிலும் திருகு. செதுக்கிய எழுத்துகளில் சிவப்பு மை நிரப்பியிருந்தார்கள். 'இந்த விமானம்' என்று ஒரு வரி. பிறகு சங்கத் தலைவரின் பெயர், அதன் முன்னும் பின்னும் அவருடைய பதவிகள். கடைசியில் 'அவர்களின் உபயம்'. நான் படித்து முடிப்பதற்குள் அக்கா படித்துவிட்டாள். கார் இருக்கைக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

எண்பதுகளின் இறுதி அது. கிள்ளானுக்கு வெளியே செம்பனை மரங்களை வெட்டிச் சாய்த்து ஒரு தாமான், புதுக் குடியிருப்பு, எழுந்துகொண்டிருந்தது. வீடுகள் கூரையில்லாமல் நின்றன. சாலை மட்டும் முடிந்திருந்தது. நேராக, மேடு பள்ளம் இல்லாமல், இன்னும் ஒரு வண்டிகூட ஓடாத கறுப்புத் தார். அக்காவின் விமானத்துக்குச் சக்கரங்கள் சிறியவை, வேகம் அதிகம். புல்தரையில் அது ஓடாது. அதற்காகத்தான் அந்த இடம். தாமானைக் கட்டிய குத்தகையாளர்தான் எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் குடும்ப தினத்தை அன்று அங்கேயே வைத்திருந்தார். கூடாரங்கள், நாற்காலிகள், மைக், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், ஒன்பது மணிக்கு விமானம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். வாய் நீளம். அம்மாவும் அவளும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு தமிழ் நாளிதழில் நிருபன். முதலில் அக்கா சின்னச் சின்னப் பயிற்சி விமானங்கள் செய்தாள், ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு ஜெட் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. வானொலிக் கருவியால் இயங்கும், தன்னைவிட நீளமான ஒரு போர் விமான வடிவம். பால்சா மரம், ஒட்டுப்பலகை, கண்ணாடியிழை. மூன்று வருட சனி ஞாயிறுகள் அதில் போயின. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தன் கையால் செய்தது பலர் பார்க்க மேலே போய், முழுசாகக் கீழே வர வேண்டும்.

எல்லாவற்றையும் அவளே செய்துகொள்ள முடிந்தது, எஞ்சினையும் அதோடு சேர்ந்த விசிறியையும் தவிர. உடலுக்குள் ஒரு குழாய்; அதற்குள் விசிறி; அதைச் சுழற்றும் எஞ்சின். சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். சங்கத்துக்கு இந்தச் செய்தி போயிற்று. பெண்பிள்ளை செய்த விமானம் என்றால் பத்திரிகையில் வரும் என்பதைத் தலைவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து, எஞ்சின் என் பொறுப்பு என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். அக்காவும் எழுந்து கைகூப்பினாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால் அதன் கண்ணாடிமேல் சிவப்புச் சாயத்தில் பெயரும் ஊரும் தகப்பன் பெயரும் எழுதிவிடுவார்கள். வெளிச்சத்தில் பாதி பெயருக்குப் போய்விடும். மின்விசிறியின் இறக்கையில் எழுதுவார்கள். சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் யாராவது பெரிய மனிதர் வரும்போது விசிறியை நிறுத்திவைப்பார்கள். நிறுத்திய விசிறிகளின் கீழே வியர்த்துக்கொண்டு எத்தனையோ கூட்டங்களுக்கு நான் குறிப்பெடுத்திருக்கிறேன். அதுவரை அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டு நடுஉத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. என்னைத் தொட்டில் கட்டிப் போட்ட கொக்கி. விமானத்தின் எடையை நிலைப்படுத்த அக்கா அதைத்தான் எடுத்துக்கொண்டாள். இறக்கைகளின் அடியில், விமானத்தின் கனம் எங்கே மையம் கொள்ள வேண்டுமோ அந்த இடத்தில், பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டாள். அந்தக் கோடுகளில் கயிற்றை வளைத்துக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். மூக்கு இம்மி தாழ்ந்து, வால் இம்மி உயர்ந்து தொங்க வேண்டும். முதல் தடவை வால் தடாலென்று தரையில் இடித்தது. கிள்ளானில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய தூண்டில் ஈயங்களை மூக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். வால் மையத்திலிருந்து எட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏறும் சின்னக் கனமும் பெரிய கனத்தின் வேலையைச் செய்துவிடும். அதனால் வாலிலிருந்த இரும்புத் திருகுகளைக் கழற்றி நைலான் திருகு போட்டாள். மற்ற இடமெல்லாம் இரண்டு கை சாயம். வாலுக்கு மட்டும் ஒரே கை. பூச்சுக்கும் எடை உண்டு என்றாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டிய கொக்கிடி அது."

"கட்டியாச்சும்மா. தாலாட்டுப் பாடு."

"கனம் தாங்குமா?"

"தம்பியையே தாங்குச்சு."

கடைசியில் ஒரு மாலை, அது மூக்கு இம்மி தாழ்ந்து ஆடாமல் தொங்கியது. மேசை விசிறியின் காற்றுக்கு மெல்லத் திரும்பி, சமையலறையைப் பார்த்து நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

குடும்ப தினத்துக்கு இரண்டு வாரம் முன்பு அதே தார்ச்சாலையில் அக்கா அதைப் பறக்கவிட்டாள். பார்த்தது நானும், கட்டுமானத்தளத்துக் காவல்காரர் ஒருவரும். எஞ்சின் சத்தம் பல்லைக் கூச வைத்தது. சாலையின் பாதியைத் தாண்டியதும் சக்கரங்களுக்கும் தாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. செம்பனைகளுக்கு மேலே வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து திரும்பி, எங்கள் தலைக்கு மேலே போனது. அக்கா கருவியின் குச்சிகளை விரல் நுனியால்தான் தொட்டாள். இறங்கியபோது பின்சக்கரங்கள் முதலில் தொட்டன, மூக்குச் சக்கரம் பிறகு. காவல்காரர் தொப்பியைக் கழற்றி, "பாகுஸ், பாகுஸ்" என்றார். மலாய்க்காரர் அவர். நல்லது என்பதற்கு மேல் அவருக்கும் சொல் கிடைக்கவில்லை.

ஆக, அந்த விமானம் பறக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

குடும்ப தினத்துக்கு முந்திய நாள் சங்கச் செயலாளர் லோரியோடு வந்தார். சங்க மண்டபத்தில் ஒரு நாள் வைத்தால் உறுப்பினர்கள் பார்ப்பார்களே என்றார். அக்கா சம்மதித்தாள். அங்கே வைத்துத்தான் வால் துடுப்பில் நான்கு துளை போட்டு, பசை தடவி, தகட்டைத் திருகியிருக்கிறார்கள். வாலைத் தேர்ந்தெடுத்ததற்குச் செயலாளர் சொன்ன காரணம்: அங்கேதான் நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை தாமானில் அக்கா முதல் திருகில் திருப்புளியை வைத்தபோது செயலாளர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, என்ன செய்றீங்க? தலைவர் வந்துட்டாரு."

"அண்ணே, இது இருந்தா பறக்காது."

"ஒரு தகடுலா. ஒரு ரொட்டி சானாய் கனம்கூட இல்ல."

"அந்த ரொட்டிய உங்க பின்னால கட்டிட்டு மாடிலேர்ந்து குதிச்சுப் பாருங்க, தெரியும்."

இரண்டு செயலவை உறுப்பினர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. திருப்புளியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தலைவரின் அக்காள் மகன் அங்கே நின்றான். ஒரு மாதிரி விமான மன்றத்தில் பயிற்சி விமானங்கள் ஓட்டியவன். அக்கா அவனைக் கூப்பிட்டு ஒரு பக்கம் நிற்க வைத்தாள். இருவரும் இறக்கையடியில் பென்சில் கோடுகளில் விரல் வைத்துத் தூக்கினார்கள். வால் கீழே போய்த் தாரில் இடித்தது. எல்லோரும் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பொன்னாடை, சந்தனம்.

"அங்கிள், கழட்ட வேணாம்னா விடுங்க. கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரேன். மூக்குல ஈயம் சேர்த்தா போதும். ஒரு மணி நேரம்."

"எல்லாரும் ஒக்காந்துட்டாங்கம்மா. ஒரு ரவுண்டு விட்டு எறக்கிடு."

"எறக்க முடியாது. எந்திரிச்சதும் மல்லாந்துரும்."

"அது நீங்க தூக்குன விதம்லா" என்றார் செயலாளர்.

"நான் ஓட்ட மாட்டேன்" என்றாள் அக்கா.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கும். வேலைக்காரர் ஒருவர் வரவில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுவது போலத் தன் அக்காள் மகனைக் கூப்பிட்டார். அவன் தயங்கினான். "மாமா, அக்கா சொல்றது..." என்று ஆரம்பித்தான்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றான். கருவியை அவன் கையில் கொடுத்தார்கள். எஞ்சின் எங்களோடது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது.

சாலையோரத்து லோங்காங்கின், அந்த ஆழமான வடிகாலின், விளிம்பில், நன்றாகத் தெரியும் என்று பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேரே அங்கே போனாள். எழுந்திரு, எழுந்திரு என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கிளப்பிக் கூடாரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டாள். இவளுக்கு எதற்கு இந்த அதிகாரம் என்று ஒரு தாய் சத்தம் போட்டார். வெயிலில் நிற்க வைக்கிறாளே என்றார் இன்னொருவர்.

புகைப்படக்காரர் தலைவரையும் தகட்டையும் சேர்த்துப் படம் எடுத்தார். தேங்காய் உடைத்தார்கள். எஞ்சின் அலறியது. விமானம் ஓடியது. அந்தப் பையன் குச்சியை இழுப்பதற்கு முன்பே மூக்கு மேலே எழுந்தது. கூட்டம் கைதட்டியது, அது திறமை என்று நினைத்தார்கள். பையன் குச்சியை முழுக்க முன்னால் தள்ளினான். மூக்கு ஒரு முறை தாழ்ந்து, மறுபடி எழுந்து, தென்னை உயரத்தில் விமானம் வாலின்மேல் நிமிர்ந்து நின்றது. அங்கே ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு ஓர் இறக்கை சரிந்தது. லோங்காங்கில், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த விளிம்புக்கு நேர் கீழே போய் அறைந்தது. மூன்று வருடம், ஒரு பலகை உடைகிற சத்தம்.

அதற்குப் பிறகு தலைவர் கேட்ட முதல் கேள்வியை நான் கிட்டத்தில் நின்று கேட்டேன்.

"தகடு என்னாச்சு பாரு."

செயலாளர் வெள்ளைக் காலணியோடு சேற்றில் இறங்கி, உடைந்த வாலிலிருந்து தகட்டைப் பிய்த்து எடுத்து வந்தார். என் அக்காவின் திருப்புளியைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். சின்னக் கோளாறு என்றார். என்ன இருந்தாலும் ஒரு பெண்பிள்ளையின் முயற்சி, குறை சொல்லாமல் கைதட்டி ஊக்கப்படுத்துவோம் என்றார். கைதட்டினார்கள். லோங்காங்குக்குள் முழங்கால் சேற்றில் நின்ற அக்காவைப் பார்த்து அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவள் சூடு ஆறாத எஞ்சினைத் துண்டால் பிடித்துக் கழற்றி, துடைத்து, மேலே ஏறி வந்து செயலாளர் கையில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே. உங்களோடது."

நான் அன்று மாலையே அலுவலகம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். தகடு, அது இருந்த இடம், தூக்கிப் பார்த்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எல்லாம். மறுநாள் வந்தது ஒரு படம். கீழே இரண்டு வரி: தாம் வழங்கிய விமானத்துடன் சங்கத் தலைவர். பெயர் இரண்டு முறை. பின்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அக்காவின் தோள் மட்டும் ஓரத்தில் இருந்தது. துணையாசிரியரிடம் கேட்டேன். "விளம்பரம் குடுக்கிற மனுஷன்லா. நின்னதப் போட்டாச்சு, விழுந்தத யாரு கேட்டா?" என்றார். நல்லவர்தான், என் கட்டுரையைக் கிழிக்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு வெகுநாள் கழித்தும் கிள்ளானில் யாராவது என்னிடம் கேட்பார்கள்: உன் அக்கா செய்த விமானம்தானே விழுந்தது? ஆமாம் என்றால் ஒரு சிரிப்பு. தகட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கண் வேறு பக்கம் போய்விடும். அந்தத் தலைவருக்கு அவர் எதிர்பார்த்திருந்த அரசாங்கப் பட்டம் வந்தது. மாலை போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் நான்தான் குறிப்பெடுத்தேன், விசிறி நின்றிருந்தது. ஆத்திரம் காலத்தில் ஆறிவிடும் என்று சொல்பவர்கள் எதற்காக அதை ஆற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. நான் ஆற்றவில்லை.

விமானம் விழுந்த நாளுக்குப் பிறகு அம்மா கொக்கிப் பேச்சை எடுக்கவே இல்லை. அக்கா தொடர்ந்து விமானங்கள் செய்தாள். எல்லாம் எஞ்சின் இல்லாதவை, காற்றில் மிதப்பவை. யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நான் இன்னும் கொதிப்பதைப் பார்த்தால், "விடுடா, பிள்ளைங்க மேல விழல" என்பாள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களில் ஒருவராவது வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியாது.

போன மாதம் அதே சங்க மண்டபத்தில் ஒரு திருமண விருந்து. நானும் அக்காவும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனோம். குழாய்களுக்கு மேலே, சுவரில், பித்தளைத் தகடு ஒன்று நான்கு திருகுகளில் மாட்டியிருக்கிறது. 'இந்த விமானம்' என்று முதல் வரி. வலது மேல்மூலை வளைந்திருக்கிறது.