மூடுபனிக்குள் கோல் பிடித்தவர்

இது நடந்தது. மினா என்னிடம் சொன்னபோது மரினுஸும் பக்கத்தில் இருந்தார். இருவருமே கதை கட்டுகிறவர்கள் இல்லை.

மினாவின் ஊர் நெதர்லாந்தின் தென்மேற்குக் கரையில், கடல் மட்டத்துக்கும் கீழே, எழுபது வீடுகள் கொண்ட கிராமம். 1953 பிப்ரவரியில் கடல் தடுப்புக் கரையை உடைத்து உள்ளே வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அப்பா அட்ரியான் பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கி வரப் போனார். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா பீட்டர்னெல்லா வேறு ஊருக்குப் போக மறுத்து அங்கேயே இருந்துவிட்டாள்.

பதினெட்டு வருஷம் கழித்து, புதுச் சாலைக்காக நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க மினா அந்த ஊர் வயலுக்கு வந்தாள். அவள் மட்டம் பார்க்கும் கருவியின் தொலைநோக்கி வழியே பார்ப்பாள். உதவியாள் மரினுஸ், ஐம்பது வயதுக்காரர், தூரத்தில் அளவுகோலை நிமிர்த்திப் பிடிப்பார். கோலில் தெரியும் எண்ணை அவள் எழுதிக்கொள்வாள். எண் கூடினால் அங்கே பள்ளம் என்று அர்த்தம்.

நவம்பர் மாதம். பிற்பகல் மூன்று பத்துக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறியது.

"இன்ஜினியரம்மா, இதுக்குள்ள என்னைத் தொலைச்சிடாதீங்க. வீட்ல பட்டாணி சூப் ஆறிடும்," என்றார் மரினுஸ்.

மூன்று இருபது: 1.40 மீட்டர். மூன்று இருபத்தைந்து: 1.41. மூன்று முப்பது: 1.40. தட்டையான நிலம்.

பனிக்குள் மறைந்த கோல் மூன்று நாற்பதுக்கு மறுபடி தெரிந்தது.

2.60.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். 2.60தான்.

கோல் பிடித்தவர் மார்புக்கு மேல்தான் தெரிந்தார். வாய்க்காலில் இறங்கி நிற்கிறார் போல, என்று நினைத்தாள். ஆனால் தலையில் தொப்பி இல்லை. மரினுஸ் தொப்பியில்லாமல் வெளியே வரமாட்டார். முடி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"மரினுஸ்?"



சளக்... சளக்... தண்ணீர் எதிலோ மோதுகிற சத்தம். வயலில் தண்ணீரே இல்லை.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. பள்ளிக்கூட வாசலில், கூட்டத்துக்குள் தன் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டவரின் பார்வை.

"அப்பா..."

அவளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இங்கயா இருக்கீங்க? வழி தப்பிக் கரைப் பக்கம் போயிட்டேன்."

மரினுஸ். தொப்பியோடு. கோல் அவர் தோளில்.

அவள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பினாள்.

பனி.

மூன்று நாற்பத்து நான்கு.

அந்த இடத்தில் வாய்க்காலும் இல்லை, குழியும் இல்லை. மரினுஸ் அங்கே கோலை நட்டார். 1.40. அவள் பார்த்த எண்ணைவிட ஒரு மீட்டர் இருபது குறைவு. மினா அழுதுகொண்டே அங்கே அடையாளத்துக்கு ஒரு மர முளையை அடித்து வைத்தாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். பீட்டர்னெல்லா பயப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ வளந்துட்டியே. உன்னை அடையாளம் தெரிஞ்சுதா அவருக்கு?"

"தெரிஞ்சுதும்மா."

வெள்ளத்துக்குப் பின் வரைந்த பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தபோதுதான் மற்றது தெரிந்தது. வெள்ளம் அந்த இடத்தில் ஒரு பெரிய குழி பறித்திருந்தது. மறுவருஷம் அதை மணல் கொட்டி மூடிவிட்டார்கள்.

வசந்தத்தில், முளை அடித்த இடத்தில் தோண்டினார்கள். எலும்புகள் கிடைத்தன. விரலில் மோதிரம். உள்பக்கம் பீட்டர்னெல்லாவின் பெயர்.

கால்கள் இருந்த ஆழத்தை மரினுஸ் இரண்டு முறை அளந்தார்.

ஒரு மீட்டர் இருபது.